கூரத்துச் செப்பேடும் ஓதமேறிய சுவரும்

"ஒரே தடவையா செலவு பண்ணிடுங்க சார். இருபது வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேணாம்."

காஞ்சிபுரம் வட்டாரத்தில் வீட்டு வேலைக்கு ஆள் கூப்பிட்ட எவரும் இதைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. டைல்ஸ் கடைக்காரர் சொல்வார். பெயிண்டர் சொல்வார். வாட்டர் ப்ரூஃப் மருந்து விற்கிறவர் கையில் ஒரு பாட்டிலை வைத்து ஆட்டிக்கொண்டே சொல்வார். துபாயிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் நடுக்கூடத்தில் நின்று, "இன்னும் சுண்ணாம்பா அடிச்சிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு அதையே சொல்வார். தரைக்கு டைல்ஸ், சுவருக்குப் பட்டி பார்த்து எமல்ஷன், மேலே ஃபால்ஸ் சீலிங், பாத்ரூமுக்கு ஆசிட், பரணில் கிடப்பதையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்கு. முடிந்தது கதை. அதற்குப் பிறகு வீடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இந்த நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். டைல்ஸ் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. குளியலறையிலும் சமையல் மேடைக்குப் பின்சுவரிலும் டைல்ஸ் வந்தது பெரிய நன்மை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து வாழ்ந்தவர்களுக்கு அது தெரியும். சாணம் கரைத்துத் தினமும் தரை மெழுகிய காலத்தைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மெழுகாதவர்கள். என் வழக்கு அதுவல்ல. பராமரிப்பே வேண்டாத வீடு ஒன்று இருக்கிறது, அதைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்ற எண்ணம் பொய் என்பதே என் வழக்கு. அந்தப் பொய்யை நம்பியதால்தான் நம் வீடுகள் முன்பைவிட வேகமாகக் கெடுகின்றன.

காஞ்சிக்குப் பக்கத்தில் கூரம் இருக்கிறது. வைணவர்களுக்கு அது கூரத்தாழ்வான் பிறந்த ஊர். கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு அது பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேட்டால் தெரிந்த ஊர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்தச் செப்பேட்டை, 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஹுல்ஷ் பதிப்பித்தார். அதில் பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு வாய்க்கால் வருகிறது, பரமேசுவர தடாகம் வருகிறது, கூரத்தில் எழுப்பிய வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற சிவன் கோயில் வருகிறது. தூங்கானை மாட வடிவில் கட்டிய கோயில் அது. தமிழ்நாட்டின் மிகப் பழைய கற்றளிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பெயரைச் சொல்லாமல் போவதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் செப்பேட்டின் கணக்கு வழக்கு. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காக வகுக்கிறார்கள். 20 பங்கு நான்மறை கற்ற பிராமணர்களுக்கு. மிச்சம் 5. அதில் 3 பங்கு கூரத்துக் கோயிலின் பூசைக்கும் அதன் பழுது பார்க்கும் வேலைக்கும். ஒரு பங்கு, மண்டபத்தில் தண்ணீரும் தீயும் தவறாமல் இருக்க. இன்னொரு பங்கு, அங்கே பாரதம் வாசிக்க. கல்லால் கட்டிய மன்னன், கட்டிய கையோடு பழுதுக்கும் பங்கு எழுதி வைக்கிறான். கல்லுக்கே பழுது வரும், அதற்கு வருஷா வருஷம் வருமானம் வேண்டும் என்று பல்லவ அரண்மனைக் கணக்கனுக்குத் தெரிந்திருக்கிறது. பிற்காலத்தில் புதுக்குப்புறம் என்று அதற்கெனத் தனி மானியமே வந்துவிட்டது. ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து அந்த மண்ணில் நின்றுகொண்டு, எட்டு மில்லிமீட்டர் டைல்ஸைக் காட்டி "திரும்பிப் பார்க்க வேணாம்" என்கிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம்மிடமே உண்டு. 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அவசியமான சட்டம், குழாயும் குழியும் ஊரெங்கும் வந்தன. ஆனால் அந்தக் குழியில் போட்ட ஜல்லியையும் மணலையும் மழைக்கு முன்னால் வெளியே எடுத்துக் கழுவிப் போட்டால்தான் தண்ணீர் இறங்கும். அரை நாள் வேலை, ஒரு மண்வெட்டி, இரண்டு பேர். எத்தனை வீட்டில் அது நடக்கிறது? குழி தூர்ந்து அதன்மேல் துளசி மாடம் வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். கட்டுவதற்குப் போட்ட சட்டத்தில் கழுவுவதற்குப் பங்கு வைக்கும் புத்தி நமக்கு வரவில்லை.

வாதத்தைச் சுவரிலிருந்து தொடங்குகிறேன். காஞ்சிபுரத்துப் பழைய தெரு வீடுகளின் சுவர் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அடித்தளத்தில் ஈரம் தடுக்கும் பட்டை கிடையாது. மண்ணிலிருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறுவது இயல்பு. அதைத்தான் ஓதம் என்கிறோம். சுண்ணாம்புப் பூச்சுக்கு அந்த ஈரம் பெரிய தொந்தரவில்லை. ஏறின ஈரம் பூச்சு வழியாகவே காற்றில் போய்விடும். வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் பொரியும், சுரண்டிவிட்டு வெள்ளையடிப்பார்கள்.

இப்போது மேஸ்திரி வருகிறார். பொரிந்த இடத்தைப் பார்த்து, "சுவரு செத்துப்போச்சு" என்கிறார். கொத்திவிட்டுக் கெட்டியான சிமெண்ட் கலவை பூசுகிறார். மேலே மூன்றடி உயரத்துக்குச் சுவர் டைல்ஸ். வெளியேற வழியில்லாத ஈரம் என்ன செய்யும்? சிமெண்ட் பூச்சு முடிகிற இடம் வரை சுவருக்குள்ளேயே ஏறிப் போய், நான்காவது அடியில் வெளியே வரும். மண்ணிலிருந்து அது சுமந்து வந்த உப்பும் அங்கேதான் படியும். தண்ணீர் காய்ந்ததும் உப்பு பூத்துப் பெருத்து, பெயிண்டையும் பூச்சையும் உள்ளிருந்து தள்ளும். அடுத்த வருஷம் டைல்ஸ் ஐந்தடி. அதற்கடுத்த வருஷம் ஓதமும் ஆறடி. கடைசியில் சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டிய ஒரு கூடத்தில் உட்கார்ந்து, "வீடு ஒரே புழுக்கமா இருக்கு" என்று ஏ.சி. வாங்கப் போகிறோம். இதில் எந்த இடத்தில் "திரும்பிப் பார்க்க வேணாம்" வந்தது?

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் காசு செலவாகாது. ஈரமாகத் தெரிகிற இடத்தில் ஒரு முழம் சதுரத்துக்குக் கனமான பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் அது. சமையல் ஆவியோ உள்ளே காயப்போடும் துணியோ காரணமாக இருக்கலாம். அதற்கு ஜன்னலைத் திறந்தாலே பாதி தீரும். சுவரிலிருந்துதான் என்றால் வெளியே போய்ச் சுவரடியைப் பாருங்கள். தோட்டத்து மண்ணை வருஷக்கணக்காகச் சுவரோரம் ஒதுக்கி ஒதுக்கி ஒரு சாண் உயர்ந்திருக்கும். குழாய் அடைப்பான் கசியும். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் பாதியில் உடைந்து சுவர்மேலேயே ஊற்றும். இவற்றில் பாதியை வீட்டுக்காரரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கலாம். அதன் பிறகுதான் பூச்சு. ஓதம் ஏறிய கோட்டுக்கு ஒரு சாண் மேல் வரை பழைய சிமெண்டைக் கொத்திவிட்டு, செங்கல்லை ஒரு கோடை முழுக்கத் திறந்து வைத்துக் காயவிட்டு, சுண்ணாம்பும் மணலுமாகப் பூச வேண்டும். பார்க்க அசிங்கமாக மூன்று மாதம் இருக்கும். வந்து போகிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

சுண்ணாம்புக் கொத்தனார் கிடைப்பதில்லை என்பது உண்மையான எதிர்வாதம். பூச்சு வேலைக்குக் கை பழகிய ஆள் வேண்டும், அவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் வெள்ளையடிக்கக் கொத்தனார் வேண்டியதில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ வாங்கி, இரும்பு டிரம்மிலோ மண் தொட்டியிலோ தண்ணீரில் போட்டுத் தாளிக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். அது கொதிக்கிற கொதிப்பில் வாளி இளகும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. கண்ணாடி போடாமல் குனியக்கூடாது, கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. ஒரு நாள் ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் நீலமும் கஞ்சியோ பசையோ கலந்து, பாலைவிடச் சற்றுத் தண்ணியாகவே அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரு பூச்சு அடித்தால் உரிந்து வரும். தண்ணியாக இரண்டு மூன்று பூச்சு நிற்கும். அடிக்கும்போது சுவர் அழுக்குச் சாம்பலாகத் தெரிந்து வயிற்றைக் கலக்கும். காய்ந்தால்தான் வெளுக்கும். பத்து லிட்டர் எமல்ஷன் வாளி விலையில் வீடு முழுக்க அடித்து மிச்சமும் இருக்கும்.

சுண்ணாம்பு கையில் ஒட்டுகிறதாம், அதனால் சுத்தமில்லையாம். இதைச் சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். சுண்ணாம்பு கடும் காரம். பூஞ்சையும் பல கிருமிகளும் அதன்மேல் பிழைக்காது. மாட்டுத் தொழுவத்துக்கும், அந்தக் காலத்துக் காலரா தெருவுக்கும் அதை அடித்தது அழகுக்காக அல்ல. ஈரச் சுவரில் அடித்த எமல்ஷனோ ஒரு மெல்லிய பிளாஸ்டிக் போர்வை. அதன் பின்னால் கறுப்புப் பூஞ்சை வசதியாகக் குடியிருக்கும். ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவர்மேல் சுண்ணாம்பு நிற்காது, சுரண்டியாக வேண்டும். புதிய சிமெண்ட் வீட்டில், அடித்தளம் சரியாகப் போட்டிருந்தால், சிமெண்ட் பூச்சும் பெயிண்டும் இருக்கட்டும், தப்பில்லை.

"அப்படியானால் கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு நீங்கள் சொன்ன கவலை இல்லையே" என்று கேட்கலாம். இருக்கிறது, வேறு இடத்தில். மொட்டைமாடியில் மயிரிழை வெடிப்பு விழும். அதில் தண்ணீர் இறங்கிக் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பெருத்து, கீழே கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் தலையில் ஒரு நாள் காரை விழும்போதுதான் கம்பி எலும்பு மாதிரி தெரியும். இது நடக்காமலிருக்கச் செய்ய வேண்டியது என்ன? சித்திரை, வைகாசியில் ஒரு மாலை மாடிக்கு ஏறி வெடிப்பைச் சாக்பீஸால் குறித்து அடைப்பது. ஆவணி, புரட்டாசியில் இன்னொரு தடவை ஏறித் தண்ணீர்க் குழாய் வாயிலுள்ள சருகை எடுப்பது. நம் ஊருக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். 2015இலும் 2021இலும் கொட்டியதைப் பார்த்தோம். இவ்வளவு சின்ன வேலையைச் செய்ய மனமில்லாமல், மாடி முழுக்க ரசாயனப் பூச்சு அடித்துப் பத்து வருஷ கேரண்டி அட்டையைப் பீரோவில் வைக்கிறோம். சருகு அடைத்த குழாய்க்குக் கேரண்டி அட்டை தெரியாது. தண்ணீர் முழங்கால் அளவு நின்றால் எந்தப் பூச்சும் தோற்கும்.

அடுத்தது சுத்தம். பளபளப்புதான் சுத்தம் என்று விளம்பரம் சொல்லிச் சொல்லி நம் மூக்கும் கண்ணும் பழகிவிட்டன. கடப்பாக்கல் போட்ட சமையல் மேடை இங்கே எத்தனை வீட்டில் இருக்கிறது! கடப்பாக்கல் ஒரு சுண்ணாம்புக்கல். ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். கறை போகிறதே என்று நாம் மகிழ்கிறோம். போனது கல்லின் மேல்தோல். எலுமிச்சைச் சாறும் புளியும்கூட ராத்திரி முழுக்கக் கிடந்தால் அதன் மெருகைத் தின்னும். பாத்ரூம் டைல்ஸிலோ, ஆசிட் டைல்ஸை ஒன்றும் செய்யாமல் இடையிலுள்ள சிமெண்ட் சந்தை அரிக்கும். சந்து திறந்தால் தண்ணீர் கீழே போகும், கீழ்வீட்டு மேற்சுவரில் தேசப்படம் வரையும். இதைவிட மோசம், ஆசிட் ஊற்றின இடத்திலேயே பிளீச்சிங் பவுடரும் போடுவது. இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் அது மூச்சுக்குழலைப் பொசுக்கும். "ரெண்டும் போட்டா நல்லா பளிச்சுனு வரும்" என்று பக்கத்து வீட்டு அக்கா அன்போடு சொல்லும் யோசனை இது. தயவு செய்து கேட்காதீர்கள். குளித்து முடித்ததும் ரப்பர் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் உப்புக்கறை படிவதே குறையும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். சிவப்பு ஆக்சைடு தரை இன்னும் இருக்கிற வீட்டுக்காரர்கள் அதை உடைக்குமுன் ஒரு மூலையில் மட்டும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்க்கட்டும். அதைப் பார்த்த பிறகும் உடைக்கத் தோன்றினால் உடைக்கலாம்.

இனி நெசவு வீடுகள். காஞ்சி வட்டாரத்தில் வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிப் பேசிவிட்டுத் தறியைப் பேசாமல் போக முடியாது. குழித்தறி இருக்கும் வீட்டில் தறிக்குழிதான் வீட்டின் மையம். பட்டு இழை காய்ந்தால் அறும், ஓரளவு ஈரக் காற்று வேண்டும். மண்ணோடு ஒட்டின குழி அதைக் கொடுத்தது. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனதும் முதல் வேலையாகக் குழியை மூடி டைல்ஸ் போடுகிறார்கள். தறியை விட்டுவிட்டவர்கள் மூடுவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கூலி கட்டாத தொழிலைக் கட்டிக்கொண்டு அழு என்று சொல்ல நான் யார்? ஆனால் இன்னும் நெய்கிற வீட்டிலேயே "அழகுக்காக" தரையை மூடி, தறியை மேலே தூக்கி வைத்து, கோடையில் இழை அறுகிறது என்று தரையில் ஈரச் சாக்கு விரிக்கிறவர்கள் உண்டு. முட்டுக்காடு தட்சிணசித்திராவில் காஞ்சி நெசவாளர் வீடு ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே டிக்கெட் வாங்கிப் போய் நின்று படமெடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அதே மாதிரி தரையை உடைக்க ஆள் கூப்பிடுகிறோம்.

ஒழுங்கு என்று வந்தால் இப்போது ஒரே விதி ஊரெல்லாம் சுற்றுகிறது: ஒரு வருஷம் தொடாத பொருளை வெளியே போடு. ஜப்பானிய அம்மையார் மாரி கொண்டோவின் புத்தகம் உலகம் முழுக்கப் போனது. அவர் சொன்னது, கையில் எடுத்தால் மகிழ்ச்சி தருகிறதா என்று பார் என்பது. நம் யூடியூப் அக்காக்கள் அதை வருஷக் கணக்காகச் சுருக்கிவிட்டார்கள். நெசவாளர் பரணில் என்ன இருக்கும்? வேறு இழைக் கணக்குக்கான அச்சு, விழுது, கட்டுக்கட்டாக ஜக்கார்டு அட்டை. அந்த டிசைன் கேட்டு ஆர்டர் வர மூன்று வருஷம் ஆகலாம். வந்த அன்று அது இல்லாவிட்டால் ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போகும். கொலுப்படியும் பொம்மையும் வருஷத்தில் ஒன்பது நாள்தான் வெளியே வரும். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவின் பிழைப்பே அந்த ஒன்பது நாளை நம்பி ஓடுகிறது. பெரிய அண்டா கல்யாணத்துக்குத்தான் இறங்கும். வருஷக் கணக்கை வைத்து இவற்றை எடைக்குப் போட்டவர்கள், அடுத்த கல்யாணத்தில் வாடகைப் பாத்திரக் கடையில் நிற்கிறார்கள்.

அதற்காகப் பரணில் இருப்பதெல்லாம் காக்க வேண்டியவை என்றும் வாதிடமாட்டேன். மூடி இல்லாத டிஃபன் பாக்ஸ், மூன்று செத்த மிக்சி, ஐஸ்கிரீம் டப்பாக்களின் கோபுரம், எந்தப் போனுக்கும் சேராத சார்ஜர்கள். இவற்றுக்கு ஒரு வருஷம் என்ன, ஒரு மாதக் கெடுவே அதிகம். திரும்ப வேலைக்கு வருமா, வரும்போது நல்ல நிலையில் இருக்குமா என்று இரண்டைக் கேட்டுப் பார்த்தால் போதும். இரண்டாவது கேள்வியில்தான் நாம் தோற்கிறோம். ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய பட்டுப்புடவை கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரிலேயே பீரோவில் கிடக்கிறது. உள்ளே ஈரம் கட்டி ஜரிகை கறுக்கிறது. ஜரிகை என்றால் வெள்ளி இழை ஐயா, வெள்ளிப் பாத்திரம் கறுப்பதைப் பார்த்ததில்லையா? கவரை எறிந்துவிட்டு, துவைத்து மெதுத்துப்போன வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். நாப்தலின் உருண்டை ஜரிகையில் நேராகப் படக்கூடாது. வசம்புத் துண்டைச் சின்னத் துணியில் முடிந்து ஓரமாகப் போடலாம். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, பழைய மடிப்பு விழுந்த இடத்தில் மறுபடி விழாதபடி மடிப்பு மாற்றி வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் பத்து வருஷம் கிடந்த புடவை அந்தக் கோட்டிலேயே இழை விட்டுக் கிழியும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஊருக்கு உலகப் பெயர் இருக்கிறது. மடிப்பு மாற்ற மட்டும் ஆள் இல்லை.

எல்லாவற்றையும் துறப்பதுதான் ஒழுங்கு என்பவர்கள் கூரத்தாழ்வானை இழுக்கக்கூடும். பெரும் செல்வந்தரான அவர் வீட்டுக் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சிக் கோயில் வரை கேட்டதாம். அதை அறிந்து கூசி, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மனைவியோடு திருவரங்கம் போனார். வழியில் மனைவி பயத்தோடு மறைத்து எடுத்து வந்த பொன் வட்டிலையும் வீசச் சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. அது துறவின் உச்சம். அவர் வட்டிலை வீசிவிட்டு அதைவிட விலை உயர்ந்த மாடுலர் கிச்சனுக்கு ஆர்டர் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். (கதவு கிறீச்சிட்டால் நம் போன்றவர்கள் கீலுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.)

என் வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு பெண்களிடமிருந்து வருகிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. "பராமரிப்பு, பராமரிப்பு என்று நீங்கள் எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள். செய்வது யார்?" நியாயமான கேள்வி. பழைய வீட்டின் அன்றாடச் சுமை முழுக்கப் பெண் தலையில்தான் இருந்தது. ஆனால் டைல்ஸ் அந்தச் சுமையைக் குறைத்ததா? மெழுகும் வேலை போனது. அதற்குப் பதில், வெள்ளை டைல்ஸில் ஒவ்வொரு காலடியும் ஒரு முடி இழையும் தெரிகிறது என்று தினம் இரண்டு வேளை துடைப்பது வந்தது. மாமியார் விரலால் தடவிப் பார்க்கிற பரப்பு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். நான் இதுவரை சொன்ன வேலைகளைத் திரும்பப் பாருங்கள்: வெள்ளையடிப்பது, சுவரோர மண்ணை வெட்டுவது, மாடிக்குழாய் சுத்தம், ஜல்லி கழுவுவது. இவை பருவ வேலைகள். இவற்றை ஒரு காலத்தில் வீட்டு ஆண்கள் செய்தார்கள், அல்லது ஆள் வைத்துச் செய்தார்கள். "ஒரே தடவை செலவு" என்ற வாதம் யாருக்கு விடுமுறை கொடுத்தது என்று இதிலிருந்து தெரியும். பணத்தைக் கட்டிவிட்டு ஆண் எழுந்து போய்விட்டார். மாப் குச்சி அவர் கைக்கு வரவில்லை.

குரங்கு என்பது இன்னொரு எதிர்ப்பு. சிரிக்க வேண்டாம், கோயில் ஊரில் ஓட்டு வீடு வைத்திருப்பவருக்கு அது வயிற்றெரிச்சல். ஆடி மாதம் ஓட்டைப் பிரித்து மேய்ந்து இறங்கின அடுத்த வாரம் குரங்குக் கூட்டம் ஓடித் தாண்டி நாட்டு ஓட்டை நொறுக்கிவிடும். இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. மேல்வரிசையில் மங்களூர் ஓடு போட்டும், கம்பி வலை விரித்தும் சமாளிக்கிறார்கள். சிலர் தோற்று ஷீட் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஷீட்டின் ஆணித் துளையையும் ரப்பர் வாஷரையும் கோடையில் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

போகிப் பண்டிகையை இதில் சேர்க்காமல் விட மனமில்லை. பொங்கலுக்கு முன் வீட்டைக் கழுவி, வெள்ளையடித்து, பழையதை ஒழிப்பது என்ற வருஷாந்திர ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் செயலி போட்டு நினைவூட்ட வேண்டியதில்லை. அதில் மிஞ்சி நிற்பது எரிப்பது மட்டும். பாயும் துடைப்பமும் எரிந்த இடத்தில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிகின்றன. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது. வெள்ளையடிப்பை விட்டுவிட்டு நெருப்பை மட்டும் வைத்துக்கொண்டோம்.

வீட்டுக்காரர் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் கைமீறிப் போகிற ஒன்று உண்டு: தெரு. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, நான்கு படி ஏறிப் போன வீட்டுத் திண்ணை இப்போது தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது. சில வீடுகளில் வாசலில் இறங்கித்தான் நுழைய வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் முதலில் உள்ளே வருகிறது, பிறகுதான் வாய்க்காலைத் தேடுகிறது. ஓதத்துக்கு இதைவிடப் பெரிய ஊற்று இல்லை. டைல்ஸ் கடைக்காரர் இதற்கும் மருந்து வைத்திருக்கிறார்: வீட்டுத் தரையை ஒரு அடி தூக்கிவிடலாம். தூக்கினால் நிலைவாசல் குட்டையாகும், ஜன்னல் முழங்காலுக்கு வரும், ஐந்து வருஷத்தில் தெரு மறுபடி எட்டிப் பிடிக்கும். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். உத்தரவு இருக்கிறது, தார் கொட்டுகிற அன்று தெருவில் நின்று கேட்க ஆள் வேண்டும். கேட்பதற்குக் கையில் கணக்கும் வேண்டும். இன்றைக்கே நிலைப்படியிலிருந்து தெரு நடுவுக்கு மட்டம் பிடித்து உயரத்தை அளந்து, தேதி போட்டுக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பக்கத்து நாலு வீட்டையும் அளக்கச் சொல்லுங்கள். கூரம் போன்ற ஊராட்சிகளில் அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். வடகிழக்கு மழைக்கு அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் இருக்கிறது.